‘ரன்’ என்றால் ஓடுவது மட்டுமா? காரைக்குடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள், பழைய வீடுகளைச் சுற்றிக்காட்டும் கைடுகள், பலகாரக் கடைக்காரர்கள், வெளிநாட்டில் பேரன் பேத்தி இருக்கும் ஆச்சிமார் என்று பலரும் வருகிறார்கள். இலக்கணத்தில் ஆளுக்கொரு சந்தேகம் இருக்கும். ‘ரன்’ என்ற சின்னச் சொல்லில் மட்டும் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் ‘ரன் என்றால் ஓடு’ என்று படித்ததோடு சரி. அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஆங்கிலத் தொடர்களும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

‘ரன்’னுக்கு மொத்தம் எத்தனை அர்த்தம் சார்?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக இந்தச் சொல்லைத் திருத்தி எழுதியபோது, வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் பிரித்தார்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’தான் 430 பொருளோடு முன்னால் நின்றது. இயந்திரங்கள் பெருகப் பெருக ‘ரன்’ அதை முந்திவிட்டது. ரயில் ஓடியது, ஆலை ஓடியது, மோட்டார் ஓடியது, கடைசியில் கம்ப்யூட்டர் புரோகிராமும் ஓட ஆரம்பித்தது.

இத்தனையையும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை, ஆங்கிலேயர்கள் உட்பட. நான் பார்க்கச் சொல்வது மூன்று விஷயம். ஓடுவது யார் அல்லது எது? தானே ஓடுகிறதா, யாராவது ஓட்டுகிறார்களா? பின்னால் அவுட், இன்டு, ஓவர், டவுன் மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? இவற்றைக் கவனித்தாலே முக்கால்வாசி இடத்தில் பொருள் பிடிபட்டுவிடும்.

நம்ம ‘ஓடு’வைப் போட்டே புரிஞ்சுக்கலாமா?

பாதி தூரம் கூடவே வரும். பம்புசெட் ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, தேவகோட்டைக்கு பஸ் ஓடுகிறது, எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலும் ‘ரன்’தான். படம் நூறு நாள் ஓடியதை ‘த ஃபிலிம் ரேன் ஃபார் அ ஹண்ட்ரட் டேஸ்’ என்று அப்படியே சொல்லலாம். ஏவி.எம். ஸ்டூடியோ சென்னைக்குப் போவதற்கு முன் தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது. படம் ‘ஓடுவது’ பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மீதிப் பாதியில்தான் வழுக்கும். ‘மண்டையில ஒண்ணுமே ஓடலை’ என்பதற்கு ‘ஐ கான்ட் திங்க் ஸ்ட்ரெய்ட்’. ‘டிவியில என்ன ஓடுது?’ என்பதற்கு ‘வாட்ஸ் ஆன் டிவி?’. ‘ஏதோ பொழப்பு ஓடுது’ என்பதற்கு ‘வி ஆர் கெட்டிங் பை’. மூன்றிலும் ‘ரன்’ கிடையாது. நேரத்தைப் பற்றிப் பேசும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ‘காலம் ஓடிப்போச்சு’ என்பது ‘டைம் ஹேஸ் ஃப்ளோன்’. ‘டைம் ஹேஸ் ரன் அவுட்’ என்றால் கெடு முடிந்துவிட்டது என்று பொருள். ரொம்ப வருஷம் கழித்துப் பார்க்கிற பழைய சிநேகிதரிடம் அப்படிச் சொன்னால் மனுஷன் அரண்டுபோவார்.

‘ஹி ஓன்ஸ் அ ஷாப்’, ‘ஹி ரன்ஸ் அ ஷாப்’ ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. இதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டாம், நம் பெரியவர்களின் கணக்கு நோட்டிலேயே இருக்கிறது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடந்த காலத்தில் முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். அக்கரையில் கடையைப் பார்த்துக்கொள்வது மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். மேலாளுக்குப் பொதுவாக மூன்று வருஷக் கெடு. முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார், அடுத்த ஆள் கப்பல் ஏறுவார். இதை ஆங்கிலத்தில் சொன்னால் முதலாளி ‘ஓன்ட் த ஃபர்ம்’, மேலாள் ‘ரேன் த ஃபர்ம்’. சொந்தம் ஒருவருடையது, அன்றாட நிர்வாகம் இன்னொருவருடையது.

இரண்டும் ஒரே ஆளாக இருந்தாலும் ‘ஐ ரன் அ ஸ்நாக்ஸ் ஷாப்’ என்பதுதான் இயல்பான பேச்சு. மனகோலமும் சீப்புச் சீடையும் சுட்டு விற்கிற ஒரு அண்ணன் வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் ‘ஐ ஆம் ஹேவிங் ஒன் ஷாப்’ என்று சொல்லிவந்தார். அவர்களுக்குப் புரியாமல் போகாது. ஆனால் ‘ஐ ரன் திஸ் ப்ளேஸ்’ என்று சொல்லும்போது, ‘இங்கே எல்லாம் என் பொறுப்பு, ஏதாவது வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள்’ என்ற தோரணையும் கூடவே வந்துவிடுகிறது. இப்போது அண்ணன் அப்படித்தான் சொல்கிறார், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

வீட்டு நிர்வாகமும் ‘ரன் த ஹவுஸ்’தான். ஆண்கள் அக்கரைக்குக் கொண்டுவிக்கப் போன வருஷங்களில் வரவு செலவு, கோயில் காரியம், கல்யாணச் சீர் எல்லாவற்றையும் கட்டிக் காத்த ஆச்சிமாரை ‘ஷி ரேன் த ஹவுஸ்’ என்று தாராளமாகச் சொல்லலாம். ‘ரன்ஸ் த ஷோ’ என்றால் ஒரு படி மேலே: அவர் வைத்ததுதான் சட்டம்.

பேங்கை ‘ரன்’ பண்றாங்க என்கிறார்கள், ‘பேங்க் ரன்’ வந்தால் பேங்கே போயிடும் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. ‘ரன் அ பேங்க்’ என்றால் வங்கியை நடத்துவது. நடுவில் ஒரு ‘ஆன்’ நுழைந்து ‘அ ரன் ஆன் த பேங்க்’ ஆகிவிட்டால் கதை வேறு. பணம் போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ‘என் பணத்தைக் கொடு’ என்று முண்டியடித்துக்கொண்டு வருவது அது. எந்த வங்கியும் வாங்கிய பணத்தை முழுக்கப் பெட்டிக்குள் வைத்திருப்பதில்லை, பெரும்பகுதி கடனாக வெளியே போயிருக்கும். அதனால் நல்ல வங்கிகூட இந்தக் கூட்டத்தைத் தாங்காது. 2007இல் இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் மக்கள் வரிசை கட்டி நின்றார்கள். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை எடுக்க முனைந்தார்கள். அங்கே பெரும்பாலும் வரிசைகூட இல்லை, இருந்த இடத்திலிருந்தே பணத்தை மாற்றக் கிளம்பிவிட்டார்கள்.

திவாலாவது ‘ரன்’னின் விளைவாக வரலாம், வேறு காரணத்தாலும் வரலாம். 1906இல் சென்னையில் அர்பத்நாட் என்ற தனியார் வங்கி நிறுவனம் திவாலானதை ‘அர்பத்நாட் வென்ட் பஸ்ட்’ என்று சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த வருஷம்தான் இந்தியன் வங்கி பிறந்தது. 1937 பிப்ரவரி 10ஆம் தேதி எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. வங்கி ‘ரன்’ பண்ணுவது எப்படி என்று தெரிந்த ஊர் இது.

கடைச் சரக்குக்கும் இதே பிரயோகம் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரம் சர்க்கரைக்கு அடிதடி என்றால் ‘தேர் இஸ் அ ரன் ஆன் ஷுகர்’.

சார், நான் கானாடுகாத்தானில் கைடு. வீடு அசையாமத்தானே நிக்குது, புத்தகத்தில் ‘த ஹவுஸ் ரன்ஸ்’னு போட்டிருக்கே?

நீளமாகப் போகிற எதற்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ வரும். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல், நடுவில் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போகிற நம் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடையாது. ‘திஸ் ஹவுஸ் ரன்ஸ் ஃப்ரம் ஒன் ஸ்ட்ரீட் டு த நெக்ஸ்ட்’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் பின்வாசல்வரை கூட்டிக்கொண்டு போங்கள், மற்றதை அவர்கள் கண்ணே சொல்லிவிடும். ‘அ ரோ ஆஃப் பில்லர்ஸ் ரன்ஸ் அலாங் த கோர்ட்யார்ட்’ என்றால் வளவை ஒட்டித் தூண் வரிசை போகிறது. ‘அ க்ராக் ரன்ஸ் டவுன் த வால்’ என்பது நாமே சொல்கிற ‘சுவத்துல விரிசல் ஓடியிருக்கு’தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ‘ரன்ஸ்’ என்ற வடிவம். ‘த ஹவுஸ் இஸ் ரன்னிங்’ என்றால் பர்மாத் தேக்குத் தூணோடு வீடு எழுந்து ஓடுவதாக ஆகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. பூட்டிக் கிடந்து சீரழிந்த வீட்டை ‘ரன்-டவுன் ஹவுஸ்’ என்பார்கள். சொல் சரிதான், ஆனால் வீட்டுப் பங்காளிகள் யாராவது பக்கத்தில் நிற்கும்போது வேண்டாம், உரசலாகிவிடும். ‘இட் நீட்ஸ் சம் ரிப்பேர்’ போதும்.

கண்டாங்கிச் சேலை வாங்க வருகிறவர்கள் ‘வில் த கலர் ரன்?’ என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

முதலில் கேள்வியைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் ‘சாயம் போகுமா?’ என்று ஒரே வாயில் கேட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்குள் இரண்டு கேள்வி. துவைக்கும்போது சாயம் தண்ணீரில் இறங்கி, பக்கத்தில் கிடக்கிற வெள்ளை வேட்டியில் ஒட்டிக்கொள்வது ‘ரன்’. நாள்பட வெயிலிலும் துவைப்பிலும் நிறம் மங்குவது ‘ஃபேட்’. முதலாவது ஒரே துவைப்பில் தெரிந்துவிடும், இரண்டாவது வருஷக்கணக்கில் நடக்கும்.

2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கண்டாங்கி தேடி வருகிறவர்கள் பலர். அரக்குக் கட்டமும் மஞ்சள் கட்டமுமாக அழுத்தமான நிறம், அகலமான கரை. பார்த்தவுடன் சாயச் சந்தேகம் வருவது நியாயம்தான். முதல் துவைப்பில் கொஞ்சம் இறங்கும் என்றால் மறைக்காமல் ‘இட் மே ரன் அ லிட்டில் இன் த ஃபர்ஸ்ட் வாஷ். வாஷ் இட் செப்பரேட்லி இன் கோல்ட் வாட்டர்’ என்று சொல்லுங்கள். இறங்கவே இறங்காது என்று நெசவாளரே உறுதி சொன்னால் ‘த கலர்ஸ் டோன்ட் ரன்’. அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனதும் சாயம் ஓடினால், அப்புறம் ஓட வேண்டியது நீங்கள்.

‘ரன்னிங் ஃபீட்’, ‘ரன்னிங் கண்டிஷன்’, ‘ரன்னிங் நோஸ்’ எல்லாம் சரியான இங்கிலீஷா?

ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கதை.

தரையில் பதிக்க ஆத்தங்குடி கல் வாங்கப் போனால் நடுவில் போடும் கல்லுக்குச் சதுர அடிக் கணக்கு. சுவரோரம் போகிற பார்டருக்கு ‘ரன்னிங் ஃபீட்’ கணக்கு சொல்வார்கள். அகலத்தை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் அளப்பது அது. கட்டட வேலையில் எங்கும் செல்லும் சொல், சரியான ஆங்கிலம். ‘லீனியர் ஃபீட்’ என்றும் சொல்வதுண்டு. ஒரே ஒரு அடி என்றால் மட்டும் ‘ரன்னிங் ஃபுட்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள், ‘ஒன் ஃபீட்’ வராது.

பழைய பைக் விளம்பரத்தில் வரும் ‘ரன்னிங் கண்டிஷன்’ பரவாயில்லை. ‘இன் ரன்னிங் ஆர்டர்’ அல்லது ‘இன் குட் வொர்க்கிங் கண்டிஷன்’ என்றால் வெளிநாட்டிலும் புரியும். வண்டி ஸ்டார்ட் ஆகும், நகரும் என்பதற்கு மேல் இந்தச் சொல் எந்த உத்தரவாதமும் தராது. பிரேக் பிடிக்குமா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

‘ரன்னிங் நோஸ்’ நம் நாட்டில் டாக்டர்கள் வாயிலேயே வருகிறது. மற்ற நாடுகளில் ‘ரன்னி நோஸ்’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘மை நோஸ் இஸ் ரன்னிங்’. கூடவே காய்ச்சலும் அடித்தால் ‘ஐ ஆம் ரன்னிங் அ டெம்பரேச்சர்’. ஆங்கிலத்தில் மூக்கும் ஓடும், காய்ச்சலும் ஓடும், ஆளுக்குத்தான் படுக்கையை விட்டு எழ முடியாது.

வாடகை வீட்டு விளம்பரத்தில் ‘ரன்னிங் வாட்டர்’ என்று பார்த்தால் குழாயில் தண்ணீர் வரும் என்று அர்த்தம். எந்நேரமும் வருமா என்பதை வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

சிங்கப்பூர்ப் பேரன் போனில் பேசிக்கொண்டே இருந்துவிட்டு ‘ஆயா, காட்டா ரன்’ என்கிறான். எங்கே தம்பி ஓடுறான்?

எங்கேயும் ஓடவில்லை ஆச்சி. ‘ஐ ஹேவ் காட் டு ரன்’ என்பதன் தேய்ந்த பேச்சு அது. ‘சரி, வேலை இருக்கு, வச்சுடட்டா?’ என்பதுதான் பொருள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நீங்களும் ‘ஓகே, ஐ வோன்ட் கீப் யூ’ என்று சொல்லிப் பாருங்கள், பையன் அசந்துபோவான்.

இதன் அண்ணன் தம்பி இரண்டு உண்டு. கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கிவருவது, பேங்கில் பாஸ்புக் பதிந்துவருவது மாதிரிச் சில்லறை வேலைகளுக்கு ‘ரன்னிங் எர்ரண்ட்ஸ்’. இன்னொன்று நம் வீடுகளுக்கு மிகவும் தேவைப்படுவது: ‘ஐ ஹெய்ட் டு ஈட் அண்ட் ரன்’. விருந்துச் சாப்பாடு முடிந்து இலையை எடுப்பதற்குள் கிளம்ப வேண்டியிருந்தால் ‘சாப்பிட்ட கையோட கிளம்புறேனேன்னு தப்பா நினைக்காதீங்க’ என்போமே, அதேதான். வெற்றிலை பாக்குக்குக்கூட உட்காராமல் எழுந்தால் இந்தத் தொடரைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

கிரிக்கெட்டிலும் ‘ரன் அவுட்’, கடையிலும் ‘ரன் அவுட்’. குழப்பமா இருக்கே?

இலக்கணத்தைப் பார்த்தால் குழப்பம் தீரும். கிரிக்கெட்டில் ஆட்டக்காரர் தானாக வெளியேறுவதில்லை, வெளியேற்றப்படுகிறார். அதனால் ‘ஹி வாஸ் ரன் அவுட்’. கடையில் சரக்கு தீர்ந்துபோவது தானாக நடப்பது. அதனால் ‘த ஷுகர் ரேன் அவுட்’. தீர்த்துவிட்டு நிற்கும் ஆளைச் சொன்னால் ஒரு ‘ஆஃப்’ சேரும்: ‘வி ரேன் அவுட் ஆஃப் ஷுகர்’. ‘ஷுகர் இஸ் ரன் அவுட்’ என்று சொல்லாதீர்கள், சர்க்கரைக்கு அம்பயர் விரல் தூக்கிய மாதிரி இருக்கும்.

முழுக்கத் தீராமல் தட்டுப்பாடு ஆரம்பித்திருந்தால் ‘ரன்னிங் லோ’ அல்லது ‘ரன்னிங் ஷார்ட்’. ஊருணி அடிமட்டத்துக்குப் போய்விட்டால் ‘ரன்னிங் லோ’, ஒரேயடியாக வற்றிவிட்டால் ‘ரன் ட்ரை’. பொறுமை, யோசனை, சாக்குப்போக்கு எல்லாமே ‘ரன் அவுட்’ ஆகும். ‘ரன் அவுட் ஆன் ஹிஸ் ஃபேமிலி’ மட்டும் தனி ரகம், குடும்பத்தை அம்போவென்று விட்டுவிட்டுப் போவது.

இன்டு, ஓவர், அப், பை... இவற்றை எப்படி ஞாபகம் வைப்பது?

பட்டியல் போட்டு நெட்டுருப் போட்டால் பரீட்சை முடிந்த மறுநாளே பறந்துவிடும். நடக்கிற காரியத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

கொப்புடையம்மன் கோயில் பக்கம் பழைய வாத்தியாரை எதேச்சையாகப் பார்த்தால் ‘ஐ ரேன் இன்டு மை டீச்சர்’. வண்டியில் போகும்போது இதே தொடரைச் சொன்னால் அவர்மேல் மோதிவிட்டதாகவும் பொருள்படும், சொல்கிற இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘ரன் ஓவர்’ என்றாலோ வண்டியை ஏற்றியே விட்டீர்கள். பழைய வீட்டைச் சீர்படுத்தும் செலவு ‘ரன்ஸ் இன்டு லேக்ஸ்’, அதாவது லட்சக்கணக்கில் போகும். மளிகைக் கடையில் பாக்கி ஏறிக்கொண்டே போவது ‘ரன் அப் அ பில்’. கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரக்காரருக்கு முன்னால் மைக்கைச் சோதித்துப் பார்ப்பது ‘ட்ரையல் ரன்’. நிகழ்ச்சி நிரலை ஒரு தடவை மேலோட்டமாக ஓட்டிப் பார்ப்பது ‘ரன் த்ரூ’.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ரன் இட் பை ஹிம்’. பெண்ணுக்கு ஒரு ஜாதகம் வந்திருக்கிறது, முடிவெடுப்பதற்கு முன்னால் பெரியப்பச்சி காதில் ஒரு வார்த்தை போட்டு வைக்க வேண்டும். ‘லெட் மி ரன் இட் பை மை அங்கிள்’. அனுமதி கேட்பது இல்லை, வெறும் தகவலும் இல்லை. அபிப்பிராயம் இருந்தால் சொல்லட்டும், நாளைக்கு ‘எனக்குச் சொல்லலையே’ என்ற பேச்சு வரக்கூடாது என்ற முன்ஜாக்கிரதை. நம் குடும்பங்களில் பாதிக் காரியம் இப்படித்தான் நடக்கிறது.

ஒருவரை முதுகுக்குப் பின்னால் மட்டம் தட்டிப் பேசுவது ‘ரன் ஹிம் டவுன்’. லேசான வாய்த்தகராறு ‘ரன்-இன்’. புது எஞ்சினை முதல் சில நூறு கிலோமீட்டர் முறுக்காமல் பழக்குவதும் ‘ரன் இன்’தான். இரண்டாவது வினைச்சொல், முதலாவது பெயர்ச்சொல்.

பல்லவன் ‘ரன்ஸ்’ஸா, ‘இஸ் ரன்னிங்’கா?

அதிகாலையில் காரைக்குடியிலிருந்து எழும்பூருக்குக் கிளம்புகிற பல்லவன் ரயிலின் வழக்கத்தைச் சொன்னால் ‘ரன்ஸ்’. இன்றைக்கு மட்டும் தாமதமாக வந்துகொண்டிருந்தால் ‘இஸ் ரன்னிங் லேட்’. மனிதர்களுக்கும் ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ பொருந்தும், ஆட்டோவில் உட்கார்ந்தபடியே சொல்லலாம்.

சிராவயல் மஞ்சுவிரட்டை ‘ரன்னிங் ஆஃப் த புல்ஸ்’ என்று சொல்லலாமா?

சுற்றுலாத் துண்டறிக்கையில் அப்படிப் போட்டால் வெளிநாட்டார் மனத்தில் ஸ்பெயினின் பாம்ப்ளோனா வந்து நிற்கும். ஜூலையில் சான் ஃபெர்மின் திருவிழாவின்போது அங்கே தெருவில் மாடுகளை அவிழ்த்துவிடுவார்கள், இளவட்டங்கள் மாட்டுக்கு முன்னால் ஓடுவார்கள். பொங்கலையொட்டி சிராவயலில் நடப்பது வேறு: திறந்த பொட்டலில் மாட்டை விரட்டிப் பிடிப்பது. அங்கே மாடு ஆளைத் துரத்துகிறது, இங்கே ஆள் மாட்டைத் துரத்துகிறான், சில சமயம் மாடு திரும்பிக்கொள்கிறது என்பது வேறு விஷயம். பெயரை ‘மஞ்சுவிரட்டு’ என்றே எழுதிவிட்டு, ‘மென் சேஸ் த புல்ஸ்’ என்று ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

தேர்தலில் ‘ரன்’ பண்ணுவது?

அமெரிக்கர்கள் தேர்தலில் ‘ரன்’, பிரிட்டிஷார் ‘ஸ்டாண்ட்’. நாம் ‘தேர்தல்ல நிக்கிறார்’ என்பது பிரிட்டிஷ் வழக்கோடு ஒத்துப்போகிறது. இந்தியப் பத்திரிகைகள் ‘கன்டெஸ்ட்’ என்று எழுதும். எதைச் சொன்னாலும் புரியும்.

பழமொழிகளில் வரும் ‘ரன்’னுக்கு நம் பழமொழி பொருந்துமா?

சிலதுக்கு அச்சு அசலாகப் பொருந்தும். ‘ரன் வித் த ஹேர் அண்ட் ஹண்ட் வித் த ஹவுண்ட்ஸ்’, முயலோடும் ஓடி வேட்டை நாயோடும் சேர்ந்துகொள்வது. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுகிற விலாங்குதான் அது. ‘மை ப்ளட் ரேன் கோல்ட்’ என்பது ‘ஈரக்கொலை நடுங்கிப்போச்சு’. ‘இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி’ என்பதற்கு ‘வம்சத்துலயே இருக்கு’. சர்க்கரை வியாதிக்கும் சொல்லலாம், கணக்குப் போடும் சாமர்த்தியத்துக்கும் சொல்லலாம்.

‘ஸ்டில் வாட்டர்ஸ் ரன் டீப்’ என்பதற்கு எல்லாரும் ‘நிறைகுடம் தளும்பாது’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நிறைகுடம் என்பது பாராட்டு மட்டுமே. ஆங்கிலப் பழமொழியில் அமைதியான ஆளின் அடியில் என்ன ஓடுகிறதோ என்ற லேசான சந்தேகமும் கலந்திருக்கும். பாதி நிறைகுடம், பாதி அமுக்குணி என்று வைத்துக்கொள்ளலாம்.

போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இன்னும் மூன்று: ‘இன் த லாங் ரன்’ என்றால் போகப் போக, ‘ஆன் த ரன்’ என்றால் தலைமறைவாக, ‘ரன்-ஆஃப்-த-மில்’ என்றால் சாதாரணமான, தனித்தன்மை ஏதும் இல்லாத. மூன்றாவதில் ஆலை இருப்பதைப் பார்த்து ‘ஆலை ஓட்டுதல்’ என்று குறித்துவிடாதீர்கள்.

இறந்தகாலம் ‘ரேன்’தானே? ‘ஹேஸ் ரேன்’னு சொல்லலாமா?

நேற்று நடந்தது ‘ரேன்’. உச்சரிப்பு மழையைக் குறிக்கும் ‘ரெய்ன்’ மாதிரி இல்லாமல், ‘பேட்’, ‘கேட்’ என்று கிரிக்கெட் மட்டையையும் பூனையையும் சொல்கிறோமே, அந்த அகன்ற ஒலி. ‘ஹேஸ்’, ‘ஹேவ்’, ‘ஹேட்’ முன்னால் வந்தால் மறுபடியும் ‘ரன்’ ஆகிவிடும்: ‘ஹி ஹேஸ் ரன் திஸ் மெஸ் ஃபார் ட்வென்ட்டி இயர்ஸ்’. ‘ஹேஸ் ரேன்’ கிடையாது.